பழைய பென்டியத்துக்கு எந்த சி கொம்பைலர்?

உப்புவெளியில் எங்கள் வாசிகசாலையின் பின்னறையில் ஆறு கணினிகள் இருக்கின்றன. ஐந்து, மூடிவிட்ட ஒரு நெட் கபேயிலிருந்து வந்தவை: மூன்று பென்டியம் 4, ஒவ்வொன்றிலும் 512 எம்பி ரேம், விண்டோஸ் எக்ஸ்பி, இரண்டு பென்டியம் 3, 128 எம்பி, விண்டோஸ் 98. ஆறாவது, பென்டியத்துக்கும் முந்திய ஒரு 486. வீடு மாறிப் போனவர்கள் தூக்கிப் போட மனமில்லாமல் கொடுத்தது, 16 எம்பி ரேம். கடல் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் பெட்டியைத் திறந்தால் ஆணித் தலையெல்லாம் துரு. கச்சான் காற்றுக் காலத்தில் தூசியும் சேர்ந்துகொள்ளும். ஆனாலும் ஆறும் ஓடுகின்றன. பின்னேரத்தில் பிள்ளைகள் வந்து அவற்றில் சி நிரல்மொழி பழகுகிறார்கள்.

இந்த ஆறிலும் எந்தக் கொம்பைலரை, அதாவது எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடியதாகக் கட்டித் தரும் மென்பொருளை, போடுவது என்பதுதான் கேள்வி. காசு கொடுத்து வாங்க வழியில்லை. பிள்ளை கேட்டால் பென் டிரைவில் போட்டுக் கொடுக்கவும் அனுமதி இருக்க வேண்டும். அந்தந்த இயந்திரத்தில் திணறாமல் ஓட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சி மொழியின் தரத்துக்குக் கட்டுப்பட்டு நடக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் நான் முதலில் வைத்திருக்க வேண்டும். அதற்குக் காரணம் உண்டு.

இங்கே படித்த ஒரு பெண்பிள்ளை மேற்படிப்புக்குப் போனாள். நல்ல கெட்டிக்காரி. வீட்டில் எழுதிப் பார்த்த நிரலை அங்கே லினக்ஸ் கணினியில் கொடுத்தபோது, முதல் வரியிலேயே கொம்பைலர் நின்றுவிட்டது: 'கோனியோ' தலைப்புக் கோப்பு இல்லை. அதை அழித்தால், திரையைத் துடைக்கும் 'கிளியர்ஸ்கிரீன்' யாரென்று தெரியாது, ஒரு விசையை அழுத்தும்வரை காத்திருக்கும் 'கெட்சிஎச்' யாரென்று தெரியாது. அவற்றையும் எடுத்தால், நிரலின் தொடக்கத்தை 'வொய்ட் மெயின்' என்று எழுதியதற்கு எச்சரிக்கை. அவளுடைய தர்க்கத்தில் ஒரு பிழையும் இல்லை. அவள் பழகியது சி மொழியை அல்ல, ஒரு கொம்பைலரின் பழக்கவழக்கத்தை. அன்றிரவு போனில் அவள் அழுதது இன்னும் காதில் இருக்கிறது.

தரம் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் தர நிறுவனம் 1989இல் அங்கீகரித்ததை 1990இல் சர்வதேசத் தரமாக எடுத்துக்கொண்டார்கள். சி89, சி90 இரண்டும் ஒன்றே. பிறகு சி99, சி11, சி17, அண்மையில் சி23. பழைய கணினிக்குப் புதியதெல்லாம் தேவையில்லை. சி90 முழுதாகக் கிடைத்தால் பழகுவதற்குப் போதும். சி99 கிடைத்தால் இன்னும் நல்லது. இன்னொன்று: கொம்பைலர் மட்டும் தரத்தோடு நின்றால் போதாது, அதனோடு வரும் நூலகமும் (அச்சிடுவது போன்ற வேலைகளுக்கு ஆயத்தமாக எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பு) நிற்க வேண்டும். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எக்ஸ்பி கணினிகளுக்கு வரும்போது இதே விஷயம் திரும்ப வரும்.

எல்லோரும் முதலில் கேட்பது டர்போ சி. நீலத் திரை, மஞ்சள் எழுத்து, எஃப்9ஐ அழுத்தினால் வேலை முடிந்தது. போர்லண்ட் நிறுவனம் பிற்காலத்தில் டர்போ சி 2.01ஐயும் டர்போ சி++ 1.01ஐயும் இலவசமாக இறக்கிக்கொள்ளத் தந்தது. நம்மூரில் சிடியில் சுற்றிய டர்போ சி++ 3.0 அந்த இலவசப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 486க்கும் மிகப் பழைய 8086 சில்லிலேயே ஓடுகிற பொருள் என்பதால் 486க்கு அது ஒரு சுமையே இல்லை. ஆனால் டர்போ சி 2 வந்தது 1988இல்; தரம் அங்கீகரிக்கப்பட்டது 1989 டிசம்பரில். தரத்தின் வரைவைப் பார்த்துக் கட்டிய கொம்பைலர் அது. கோனியோ இருப்பது குற்றமில்லை, எந்தக் கொம்பைலரும் தன் பங்குக்கு ஏதாவது கூட்டி வைக்கலாம். டர்போ சியைச் சுற்றி எழுதப்பட்ட பாடக்குறிப்புகள் எல்லாம் அந்தக் கூட்டலையே மொழி என்று சொல்லிக் கொடுத்ததுதான் தொந்தரவு. இன்றைக்கு 64 பிட் விண்டோஸில் அது நேரடியாக ஓடவும் செய்யாது. விண்டோஸுக்கு முந்திய டொஸ் இயங்குதளத்தைப் போல நடிக்கும் டொஸ்பொக்ஸ் போன்ற ஒன்று இடையில் வேண்டும். இவ்வளவையும் பார்த்த பிறகு டர்போ சியை நான் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை.

ஆனால் டர்போ சியின் மேல் சொல்லப்படும் ஒரு பழி மட்டும் நியாயமில்லாதது. 'அதில் கணக்குப் பிழைக்கும்' என்பார்கள்.

ஒரு பையன், தகப்பன் மீன் வியாபாரி, வீட்டுக் கணக்கை நிரலாக எழுதிக்கொண்டு வந்தான். பாரை கிலோ 1500 ரூபா, 40 கிலோ. இரண்டையும் முழு எண் வகையான 'இன்ட்' ஆக வைத்துப் பெருக்கி அச்சிட்டான். திரையில் வந்தது -5536.

"சேர், அப்பாவுக்குக் கடன் காட்டுது."

60,000 வர வேண்டிய இடம். டர்போ சி தரும் 16 பிட் இன்ட்டில் 32,767க்கு மேல் இடமில்லை. மிஞ்சியது சுற்றி வந்து 65,536 குறைந்து நிற்கிறது. இங்கே கொம்பைலர் தரத்தை மீறவில்லை. இன்ட் குறைந்தது 32,767 வரை பிடித்தால் போதும் என்பதுதான் தரம் சொல்வது. அதைத் தாண்டினால் என்ன வரும் என்பதற்குத் தரம் எந்த உத்தரவாதமும் தரவில்லை. 32 பிட் கொம்பைலரில் பழகிய நிரல் எழுதியவர் அந்த எல்லையை மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

பையன் விடையை, இன்ட்டைவிடப் பெரிய எண் பிடிக்கும் 'லோங்' என்று மாற்றினான். அப்போதும் -5536. ஏனென்றால் பெருக்கல் நடந்தது இரண்டு இன்ட்டுக்கு இடையில். பிழைத்துப் போன விடையைத்தான் பெரிய பாத்திரத்தில் ஊற்றினான். பெருக்குவதற்கு முன்பே விலையை லோங் ஆக்கி, அச்சிடும் குறியீட்டையும் லோங்குக்கு உரியதாக மாற்றியபோதுதான் 60000 வந்தது. அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகுதான் 16 பிட்டைக் குப்பையில் போடக் கூடாது என்று முடிவெடுத்தேன்.

அந்த முடிவு என்னை ஓப்பன் வாட்கொம்மிடம் கொண்டுபோய் விட்டது. கனடாவின் வாட்டர்லூவில் பிறந்த வாட்கொம் ஒரு காலத்தில் விலை கூடிய, மதிப்பான கொம்பைலர். கைமாறி சைபேஸ் நிறுவனத்திடம் போனது; அவர்கள் மூலநிரலைத் திறந்துவிட, 2003இல் ஓப்பன் வாட்கொம் 1.0 வந்தது. 2010இல் 1.9. அதற்குப் பிறகு வேறொரு கிளையாக இரண்டாம் பதிப்பின் வேலை இன்றும் நடக்கிறது. எனக்கு இதில் பிடித்தது ஒன்றே ஒன்று: ஒரே பொதிக்குள் 16 பிட் கொம்பைலரும் 32 பிட் கொம்பைலரும் இருக்கின்றன. கட்டளை வரியில் 'டபிள்யூசிஎல்' என்றால் 16 பிட், 'டபிள்யூசிஎல்386' என்றால் 32 பிட். மீன் கணக்கை அப்படியே, ஒரெழுத்தும் மாற்றாமல், இரண்டாலும் கட்டி, ஒரே விண்டோஸ் 98 கணினியில் அடுத்தடுத்து ஓட்டலாம். ஒன்று -5536 என்னும், மற்றது 60000 என்னும். இரண்டுமே தரத்தை மீறாத கொம்பைலர்கள். அப்படியானால் நிரல்தானே தரத்தை மீறியிருக்கிறது? இந்தக் கேள்வியை நான் கேட்க வேண்டியதில்லை, பிள்ளைகளே கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே விடை வரும்வரை நிரலைத் திருத்தக் கற்றுக்கொண்ட பிள்ளை எந்தக் கணினிக்குப் போனாலும் தடுமாறாது.

'இசட்ஏ' என்ற தெரிவைச் சேர்த்தால் வாட்கொம் தன் சொந்தக் கூட்டல்களை மூடிவிட்டுத் தரத்தோடு நிற்கும். 'டபிள்யூஎக்ஸ்' சேர்த்தால் எல்லா எச்சரிக்கையும் சொல்லும். எங்கள் அறையில் இரண்டும் இல்லாமல் யாரும் கட்டக் கூடாது என்பது விதி. குறை இல்லாமல் இல்லை. சி90 நன்றாக இருக்கிறது, சி99இல் ஒரு பகுதிதான் உண்டு. ஓடும்போது நீளம் முடிவாகும் வரிசைகளை அதில் எழுத முடியாது. கொம்பைலர் ஓட 386 வேண்டும், அதுவே கட்டித் தரும் நிரல் 8086இலும் ஓடும். உரிமத்திலும் ஒரு சிக்கல்: திறந்த மூல அமைப்பு அதை ஏற்றுக்கொண்டது, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை ஏற்கவில்லை. சில வகைத் தனிப் பயன்பாட்டுக்கும் மூலநிரலை வெளியிடச் சொல்கிற நிபந்தனைதான் காரணம். கொம்பைலரைத் திருத்தப் போகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். அதில் நிரல் எழுதிப் பழகப்போகும் பிள்ளைக்கு அதனால் தடையில்லை.

வாட்கொம்முக்குச் சரிக்குச் சரியான எதிராளி டிஜேஜிபிபி. டிஜே டெலோரி என்பவர் 1989இல் தொடங்கியது. லினக்ஸ் உலகம் பயன்படுத்தும் கொம்பைலரான ஜிசிசியை டொஸுக்குள் கொண்டுவந்தார். இதற்கும் 386 வேண்டும், கட்டித் தருவதும் 32 பிட் மட்டுந்தான். 'குவேக்' விளையாட்டின் டொஸ் வடிவம் இதில்தான் கட்டப்பட்டது. தரம் என்று பார்த்தால் வாட்கொம்மை விட ஒரு படி மேல்: ஜிசிசியின் தரத் தெரிவும், தரத்தை மீறினால் சொல்லும் 'பெடான்டிக்' எச்சரிக்கையும் அப்படியே உண்டு, மேற்படிப்பில் பார்க்கப் போகும் அதே எச்சரிக்கை வாசகங்கள் இங்கேயே பழகிவிடும். உரிமமும் சுத்தமானது. ஆனால் புதிய ஜிசிசிக்கு நினைவகப் பசி அதிகம். 16 எம்பி உள்ள 486இல் அது ஹாட் டிஸ்க்கை நினைவகமாகப் பாவித்துச் சமாளிக்கும். சின்ன நிரலுக்கே டிஸ்க் விளக்கு அணையாமல் எரிவதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அந்த வயதுள்ள டிஸ்க்கை அப்படி வதைக்க எனக்கு மனமில்லை. பழைய பதிப்பைத் தேடிப் போட்டால் நிலைமை பரவாயில்லை. நிறுவும்போது 'டிஜேஜிபிபி' என்ற சூழல் மாறியை அதன் அமைப்புக் கோப்புக்குக் காட்ட மறந்தால் ஒன்றும் நடக்காது. பத்துப் பேரில் ஒன்பது பேர் சறுக்குவது அங்கேதான்.

இனி எக்ஸ்பி கணினிகள். இங்கே தெரிவு அதிகம் என்பதால் குழப்பமும் அதிகம்.

டைனி சி என்ற சின்னக் கொம்பைலரை எனக்கு நெஞ்சாரப் பிடிக்கும். எஃப்எஃப்எம்பெக், கியூஈமு போன்ற மென்பொருள்களைத் தொடங்கிய ஃபாப்ரிஸ் பெலார் எழுதியது. 2001இல் குழப்பமான சி நிரல்களுக்கான போட்டிக்கு அவர் அனுப்பிய ஒரு குட்டிக் கொம்பைலரிலிருந்து வளர்ந்தது. 0.9.27 பதிப்பு 2017இல் வந்தது. விண்டோஸுக்கான பொதி மிகச் சின்னது. விரித்த கோப்புறையிலிருந்தே ஓடும், நிறுவத் தேவையில்லை. சிக்கலெண்களை விட்டால் சி99இல் பெரும்பகுதி உண்டு. 'ரன்' என்ற தெரிவைக் கொடுத்தால் கட்டுவதும் ஓட்டுவதும் ஒரே மூச்சில் நடக்கும்; பைத்தனில் பழகிய பிள்ளைக்கு இது வீட்டுக்கு வந்தது போல. ஆனால் அது அதிகம் பேசாது. மதிப்புப் போடாத மாறியைப் பாவித்தாலும், விடை திருப்ப மறந்த செயற்கூறு இருந்தாலும், பெரும்பாலும் மௌனமாகக் கட்டிக் கொடுத்துவிடும். பழகுகிறவருக்கு மௌனமான கொம்பைலர் நல்லதல்ல. எழுதிப் பார்க்க டைனி சி, ஒப்படைக்குமுன் சரிபார்க்க ஜிசிசி என்று இரண்டையும் வைத்துக்கொண்டால் சரியாக வரும்.

விண்டோஸில் ஜிசிசி என்றால் மின்ஜிடபிள்யூ. அதைச் சுமந்து வருகிற இரண்டு பொதிகளை நம்மூரில் எல்லோரும் அறிவார்கள்: 2005இன் டெவ்-சி++ 4.9.9.2, அதற்குள் ஜிசிசி 3.4.2, விண்டோஸ் 98இலும் ஓடும். பிறகு கோட்பிளொக்ஸ் 13.12, அதற்குள் ஜிசிசி 4.7.1, எக்ஸ்பிக்குப் பொருத்தம். இரண்டும் இலவசம், மூலமும் திறந்தது.

நூலகமும் தரத்தோடு நிற்க வேண்டும் என்று முன்னே சொன்னது இங்கேதான் வேலைக்கு வருகிறது. மின்ஜிடபிள்யூ கொண்டுவருவது ஜிசிசியை. அச்சிடும் வேலையை அது விண்டோஸின் பழைய 'எம்எஸ்விசிஆர்டி' கோப்பிடம் விட்டுவிடுகிறது. அந்தக் கோப்புக்கு சி99 தெரியாது. எக்ஸ்பியில் 64 பிட் 'லோங் லோங்' மாறியில் 5000000000 வைத்து, தரம் சொன்னபடியே சதவீதக் குறி, இரண்டு எல், ஒரு டி என்று அச்சிட்டால் 705032704 என்று வரும். கீழ்ப்பாதி 32 பிட்டை மட்டும் படித்துவிட்டு மீதியை விட்டுவிடுகிறது. தசம எண்ணுக்கான 'லோங் டபிள்' அச்சிட்டால் அதைவிட மோசம்: ஜிசிசி 80 பிட் எண்ணைக் கொடுக்கிறது, நூலகமோ 64 பிட் என்று நினைத்துப் படிக்கிறது. நிரல் சரி, கொம்பைலர் சரி, விடை பிழை. பிந்திய மின்ஜிடபிள்யூ பதிப்புகளில் அச்சிடுவதற்குத் தனக்கென்று சொந்த 'பிரின்ட்எஃப்' உண்டு. ஒரு வரையறையை நிரலின் தலையில் வைத்தால் அது விழித்துக்கொள்ளும். பழைய டெவ்-சி++உடன் வருவதில் அதை எதிர்பார்க்கக் கூடாது. டைனி சியும் விண்டோஸில் அதே பழைய கோப்பையே நம்பியிருப்பதால் லோங் லோங்கில் அதற்கும் இதே நோய். சி90க்குள் நிற்கிறவருக்கு இந்தத் தொல்லையில் பெரும்பகுதி கிடையாது. லோங் டபிளை மட்டும் கவனிக்க வேண்டும்.

பெல்லஸ் சி என்றும் ஒன்று உண்டு, சுவீடன்காரர் ஒருவரின் கைவேலை. சி99, சி11 எல்லாம் நன்றாகச் செய்யும். மூலநிரல் மூடியது, புதிய பதிப்புகள் 64 பிட் விண்டோஸைக் கேட்கும். தேடி அலையப் பொழுதிருப்பவர்கள் பார்க்கலாம்.

பென்டியம் 4 மூன்றுக்கும் நான் கடைசியில் தேர்ந்தது இவை எதுவுமில்லை, எக்ஸ்பியையே கழற்றிவிட்டு 32 பிட் லினக்ஸ். லினக்ஸின் ஒரு வகையான டெபியன் 12இன் 32 பிட் வடிவம் பென்டியம் புரோ வர்க்கத்திலிருந்து மேலே உள்ளவற்றில் ஓடும். ஜிசிசி 12 அதிலேயே உண்டு, இயல்பாகவே சி17. நூலகமும் தரத்தோடு நிற்கிறது: அதே 5000000000, அப்படியே 5000000000 என்று வருகிறது. 512 எம்பிக்குக் கனத்த டெஸ்க்டொப் ஆகாது; அன்டிஎக்ஸ் போன்ற மெலிந்த வகையைப் போட்டால் எழுதவும் கட்டவும் தாராளம். 2025இல் வந்த டெபியன் 13இல் 32 பிட் பிசிக்கான நிறுவி இல்லாமல் போய்விட்டது. ஆகவே 12இன் டிவிடியை இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் டிவிடியிலேயே ஜிசிசி இருப்பதால் நிறுவும்போது இணைய டேட்டாவைக் கரைக்க வேண்டியதில்லை.

நிறுவுவதில் ஒரு சிரமம் வந்தது, சொல்லிவிடுகிறேன். இந்த இயந்திரங்களில் ஒன்று பென் டிரைவிலிருந்து எழும்பாது, அதன் டிவிடி டிரைவின் கண்ணும் உப்புக் காற்றில் மங்கிவிட்டது. ஹாட் டிஸ்க்கைக் கழற்றி மற்றப் பென்டியம் 4இல் மாட்டி நிறுவி, திரும்பக் கொண்டுவந்து பூட்டினோம். முதல் நாளே வேறொரு வில்லங்கம்: மதர்போர்டின் சின்னப் பட்டறி செத்துப்போயிருந்ததால் கணினி ஒவ்வொரு முறையும் பல வருடம் பின்னால் போய் எழும்பியது. 'மேக்' கருவி கோப்புகளின் நேரத்தை வைத்துத்தான் எதைத் திரும்பக் கட்டுவது என்று முடிவெடுக்கும். கடிகாரம் பிசகியிருக்கிறது, கட்டியது முழுமையாக இல்லாமல் இருக்கலாம் என்று அது எச்சரித்துக்கொண்டே இருக்க, பிள்ளை திருத்திய வரி ஒன்றும் விடையில் தெரியவில்லை. கொம்பைலரைச் சந்தேகித்து ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. சிஆர்2032 பட்டறி ஒன்று வாங்கிப் போட்டதும் தீர்ந்தது. பழைய கணினியில் கொம்பைலர் போடப்போகிறவர்கள் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்.

பென்டியம் 3 இரண்டும் விண்டோஸ் 98உடனேயே இருக்கின்றன, ஓப்பன் வாட்கொம் 1.9உடன். 128 எம்பியில் லினக்ஸைப் போட்டு அவற்றை வருத்துவதைவிட, 16 பிட்டும் 32 பிட்டும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும் இடமாக அவை இருப்பது எங்களுக்குப் பயன். லினக்ஸில் எழுதிய நிரலை இங்கே கொண்டுவந்து இரண்டு வகையிலும் கட்டிப் பார்த்த பிறகுதான் 'முடிந்தது' என்று பலகையில் எழுதுகிறோம். அதற்காக வகுப்பு வேலைகளை சி90க்குள் வைத்திருக்கிறேன். ஜிசிசியிலும் சி90 தெரிவும் பெடான்டிக்கும் போட்டே கட்டுகிறார்கள். 'போனிலேயே டெர்மக்ஸ் செயலியைப் போட்டால் கிளாங் கொம்பைலர் கிடைக்குமே' என்று பெரிய பிள்ளைகள் சொல்வது உண்மைதான். ஆனால் சுருள் அடைப்புக்குறியை போன் விசைப்பலகையில் தேடிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு நிரலில் கவனம் நிற்பதில்லை.

486தான் மிச்சம். அதற்கு டொஸ் வகை இயங்குதளமான ஃப்ரீடொஸ் 1.3 போட்டிருக்கிறோம், ஜிம் ஹோல் 1994இல் தொடங்கிய திட்டத்தின் 2022ஆம் ஆண்டுப் பதிப்பு. கொம்பைலரை அதில் போடவில்லை. பென்டியம் 3இல் வாட்கொம்மால் 16 பிட் டொஸ் நிரலாகக் கட்டி, ஃப்ளொப்பியில் எடுத்துப்போய் அங்கே ஓட்டுகிறார்கள். போன கிழமை மீன்காரரின் மகன் தன் கணக்கைக் கொண்டுபோய் ஓட்டினான். டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டு, கொஞ்சம் யோசித்து, 60000 என்றது.